ஸ்விஃப்டை விற்றுவிட்டு மினி வாங்கலாமா?

கேள்வி: வயது 26. பீளமேட்டில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை. 2014 மாடல் ஸ்விஃப்ட் பெட்ரோல் வைத்திருக்கிறேன். எக்ஸாஸ்ட், கோன் ஃபில்டர், தாழ்வான ஸ்பிரிங், 16 இன்ச் அலாய் என்று இதுவரை ஒன்றரை லட்சம் போட்டாயிற்று. சத்தம் வந்தது, வேகம் வரவில்லை. ‘இந்திய வண்டியில் எவ்வளவு கொட்டினாலும் வீண், இம்போர்ட்டட் வண்டி எடு’ என்கிறார்கள் நண்பர்கள். 2013 மினி கூப்பர் எஸ் ஒன்று 14 லட்சத்துக்கு வருகிறது. கையில் 5 லட்சம் இருக்கிறது, மீதிக்கு லோன். வாங்கி மாடிஃபை செய்யலாமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: தம்பி, உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. ஆனால் அதற்குக் காரணம் வண்டி எந்த நாட்டில் பிறந்தது என்பதல்ல, டர்போதான்.

உங்கள் ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் கே சீரிஸ் எஞ்சின் தன்னால் முடிந்த அளவு காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். 85 குதிரைசக்தியை ஒட்டித் தருகிற அந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட், ஃபில்டர், ரீமேப் (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) எல்லாம் சேர்ந்தாலும் ஐந்தாறு கூடினால் பெரிது. அதற்கு மேல் வேண்டுமென்றால் கேம் ஷாஃப்ட், பிஸ்டன் என்று எஞ்சினையே பிரிக்க வேண்டும். கூப்பர் எஸ்ஸில் இருப்பது 1.6 லிட்டர் டர்போ, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் திணிக்கிற ஏற்பாடு. கம்பெனியிலிருந்து வரும்போதே 184. லேப்டாப்பைச் சொருகி டர்போவின் அழுத்தத்தைக் கொஞ்சம் ஏற்றினால் இன்னும் 25, 30 கிடைக்கும். ஆசை வருவது நியாயம்தான். ஓட்டிப் பார்த்தால் இன்னும் வரும். அதனால் லோன் பேப்பரில் கையெழுத்துப் போடும் எண்ணம் இருக்கும்வரை ஓட்டிப் பார்க்காதீர்கள்.

இனி அந்த மினியைப் பற்றி. மினி இந்தியாவுக்கு வந்தது 2012-ல். அடுத்த ஆண்டு முதல் கன்ட்ரிமேன் என்ற பெரிய மினியை மட்டும் சென்னைக்குப் பக்கத்தில் பிஎம்டபிள்யூ ஆலையில் பாகங்களைச் சேர்த்துச் செய்தார்கள். நீங்கள் பார்த்திருக்கும் மூன்று கதவு கூப்பர் எஸ், இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து முழு வண்டியாகக் கப்பலில் வந்தது. பத்து வருடத்துக்கு மேல் ஓடிய வண்டி, அதில் நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சின்.

உங்கள் ஸ்விஃப்டில் பெட்ரோல், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் மேலேயே தெளிக்கப்படுகிறது. அதனால் வால்வு தானாகவே கழுவப்படும். மினியில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போய்விடுகிறது. வால்வுக்கு வந்து சேர்வது எஞ்சினுக்குள்ளிருந்து எழும் எண்ணெய்ப் புகை மட்டும். அது சூட்டில் வெந்து கரியாகப் படியும். வால்வுக்குக் காற்று கொண்டுவரும் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய ஓட்டல் புகைக்கூண்டின் உட்புறம் போல இருக்கும். அக்ரூட் ஓட்டுத் தூளைக் காற்றில் பீய்ச்சித்தான் அதைச் சுரண்டி எடுப்பார்கள். அந்த வேலை எப்போது நடந்தது என்று விற்பவரிடம் கேளுங்கள். ‘அதெல்லாம் தேவையில்லை சார்’ என்று பதில் வந்தால், நடக்கவே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய், நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். முன்பக்கமிருந்து கடகடவென்று சத்தம் கேட்டால் டைமிங் செயினைச் சந்தேகப்படுங்கள். உங்களுக்காக முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் டீ குடித்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுங்கள்.

என் மைத்துனர் இப்படி ஒரு இறக்குமதி வண்டி வைத்திருந்தார். என்ன வண்டி என்பது இங்கே வேண்டாம். தெர்மோஸ்டாட் ஹவுசிங், உள்ளங்கை அளவு பிளாஸ்டிக், அதில் விரிசல் விட்டது. பாகம் வந்து சேர ஐந்து வாரம். அதுவரை வண்டி ஒர்க்‌ஷாப்பில் தார்ப்பாய் போர்த்தி நின்றது, அவர் என் ஸ்கூட்டரில் ஆபீஸ் போனார். ஸ்விஃப்டுக்கு அதே பாகம் அன்று சாயங்காலமே உங்கள் தெருமுனையில் கிடைக்கும். 14 லட்சத்தில் 9 லட்சம் கடன் என்கிறீர்கள். தவணை கட்டிய பிறகு ஒரு ஹவுசிங்குக்கே யோசிக்க வேண்டியவர் ரீமேப்புக்கு எங்கே போவீர்கள்?

வண்டி வெளி மாநிலப் பதிவாக இருந்தால் தடையின்மைச் சான்று, தமிழ்நாட்டு சாலை வரி எல்லாம் விலையோடு சேரும். ஆர்.சி.யைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். 2025 செப்டம்பரில் கேரளத்தில் சுங்கத்துறை ‘ஆபரேஷன் நும்கோர்’ என்று இறங்கி, பூட்டான் வழியாகத் திருட்டுத்தனமாக வந்ததாகச் சந்தேகப்பட்ட வண்டிகளை வீடு வீடாகத் தேடியது நினைவிருக்கும். ‘ஜப்பானிலிருந்து பழைய ஸ்போர்ட்ஸ் கார் இறக்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். சொந்த உபயோகத்துக்கான பழைய காரை இறக்க வேண்டுமென்றால் அது மூன்று வயதைத் தாண்டியிருக்கக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும், தீர்வையே வண்டி விலையைத் தாண்டிவிடும்.

மாடிஃபிகேஷன் சட்டம் உள்ளூர் வண்டிக்கும் வெளிநாட்டு வண்டிக்கும் ஒன்றுதான். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொல்லிவிட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். இன்ஷூரன்ஸ்காரரிடம் சொல்லாமல் மாற்றியிருந்தால், விபத்து நடந்த அன்று அவர் கையை விரிப்பார். உங்கள் இப்போதைய எக்ஸாஸ்ட்டுக்கும் இது பொருந்தும். தெரியாதது போல இருக்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்? இந்த மினி வேண்டாம். டர்போ வேண்டுமென்றால் இங்கேயே செய்த டர்போ இருக்கிறது. 2020 முதல் 2022 வரை வந்த போலோ 1.0 டிஎஸ்ஐ மேனுவல், 110 குதிரைசக்தி, பூனாவுக்குப் பக்கத்தில் சாக்கனில் செய்தது. ஐ20 என் லைன், 120 குதிரைசக்தி, நம் இருங்காட்டுக்கோட்டையில் ரேஸ் டிராக்குக்குப் பக்கத்து ஆலையில் செய்தது. கடன் பாதியாகும். பாகத்துக்குக் கப்பலை எதிர்பார்க்க வேண்டாம். என்னைக் கேட்டால் மேனுவல் போலோ.

அதற்கும் முன்னால் ஒன்று. கோவையில் இருந்துகொண்டு ‘இந்திய வண்டியில் கொட்டினால் வீண்’ என்று சொல்ல உங்கள் நண்பர்களுக்கு எப்படி மனசு வந்தது? மாருதி எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கை ரேஸ் கார் கட்டியவர் உங்கள் ஊர் கரிவர்தன். செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்தான். சொந்த வண்டியை டிராக்கில் ஓட்ட விடும் டிராக் டே வரும்போது ஸ்விஃப்டோடு அங்கே போங்கள். நல்ல டயர், நல்ல பிரேக் பேட், புது பிரேக் ஆயில், இவ்வளவு போதும். மூன்றாவது சுற்றில் பிரேக் மெத்தென்று இறங்கும்போது வண்டியில் எது குறை, ஓட்டுபவரிடம் எது குறை என்று தெரிந்துவிடும். எனக்கு அது தெரிந்த அன்று கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

அப்புறம், கழற்றி வைத்த பழைய எக்ஸாஸ்ட்டையும் ஸ்பிரிங்கையும் எடைக்குப் போட்டுவிடவில்லையே? ஸ்விஃப்டை விற்பதற்கு முன் அவற்றைத் திரும்பப் பூட்டுங்கள். அலாயைத் தனியாக விற்றுக்கொள்ளுங்கள். கம்பெனியிலிருந்து வந்தபடி நிற்கும் ஸ்விஃப்டுக்குத்தான் பழைய கார் சந்தையில் விலை.