பழைய நகையும் சயனைடு மேடும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். கோலார் தங்கவயல் மூடப்பட்டதைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் அம்மாவின் அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். நாங்கள் இப்போது ஓசூரில் இருக்கிறோம். தை மாதம் எனக்குக் கல்யாணம். வீட்டில் 20 பவுன் வாங்குவதாகப் பேச்சு நடக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. பாதரசம், சயனைடு, அழியும் காடுகள் என்று படிக்கப் படிக்க, கழுத்தில் போட்டுக்கொள்வதே தப்போ என்று தோன்றுகிறது. மாமா சிரிக்கிறார். "கேஜிஎஃப்ல மண்மேட்டையே மறுபடி அரிச்சுத் தங்கம் எடுக்கப்போறாங்க, இனிமே எல்லாம் நிலைத்த வளர்ச்சிதான்" என்கிறார்.

சுத்தமான தங்கம் என்று ஒன்று கடையில் கிடைக்குமா? அந்த மேட்டை அரிப்பது நல்லதா, கெட்டதா? பாட்டியின் பழைய நகைகளை உருக்கிப் புதிதாகச் செய்யலாம் என்கிறார் அம்மா. ஆனால் எங்களுக்குத் தெரிந்த ஆசாரி யாரும் இல்லை. கடைக்காரர்களோ பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என்ன செய்வது?

மீனா, ஓசூர்

அன்புள்ள மீனா,

வாழ்த்துகள். மாமாவிடமிருந்தே தொடங்குகிறேன். அவர் சொன்னதில் பாதி உண்மை.

கோலார் தங்கவயலில் உள்ள 13 மண்மேடுகளில் வேலை தொடங்க 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. நிலம் மத்திய அரசின் பாரத் தங்கச் சுரங்க நிறுவனத்திடம் இருப்பது. ஆயிரம் ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். மேடுகளில் கிடப்பது சுமார் 3.3 கோடி டன் அரைத்த பாறைத்தூள். அதில் 23 டன் தங்கம் இருக்கலாம் என்று ஒரு கணிப்பு. வகுத்துப் பாருங்கள், டன்னுக்கு முக்கால் கிராம்கூட வராது. 22 காரட் நகை ஒரு பவுனில் 7.33 கிராம் சுத்தத் தங்கம் இருக்கிறது. ஆக, ஒன்று விடாமல் வழித்தெடுத்தாலும் ஒரு பவுனுக்குப் பத்து டன்னுக்கு மேல் மண்ணைக் கரைக்க வேண்டும். உங்கள் கல்யாணத்துக்கு மட்டும் 20 லாரி லோடு.

சரி, எடுத்துவிட்டார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 3.3 கோடி டன்னில் 23 டன் போனால் மிச்சம் எவ்வளவு? 3 கோடியே 29 லட்சத்து 99 ஆயிரத்து 977 டன். மாமாவிடம் நான் கேட்க விரும்புவது இதைப் பற்றித்தான். தங்கம் யாருக்குப் போகும் என்பதை எல்லோரும் கேட்டுவிட்டார்கள். இந்த மிச்ச மண் எங்கே போகும் என்று கேட்பவர்கள் குறைவு.

அந்த மேடு எப்படி வந்தது என்று தாத்தா சொல்லியிருப்பார். பாறையை மாவாக அரைத்துச் சயனைடு கரைசலில் விட்டால் தங்கம் அதில் கரைந்துவிடும். பிறகு துத்தநாகத் தூளைப் போட்டுத் தங்கத்தைப் பிரிப்பார்கள். 1887இல் ஸ்காட்லாந்துக்காரர்கள் காப்புரிமை பெற்ற முறை. தங்கம் பிரிந்த பிறகு மிஞ்சும் சேற்றைக் கொட்டிக் கொட்டி உயர்ந்ததுதான் ஊரைச் சுற்றி நிற்கும் குன்றுகள். சனங்கள் அதைச் சயனைடு மேடு என்கிறார்கள். ஆனால் சயனைடு வெயில் பட்டு நாளடைவில் சிதைந்துவிடக்கூடியது. சிதையாமல் இருப்பது மாவு. சிலிகா கலந்த மெல்லிய தூசி. செடி லேசில் வேர் பிடிக்காத அந்த மேட்டிலிருந்து காற்றுக்காலத்தில் கிளம்பிக் கொடியில் காயும் துணியிலும் மூடாத பானையிலும் நெஞ்சிலும் போய் உட்காரும். பெயரில் இருக்கும் விஷத்தைவிடப் பெயரில் இல்லாத தூசிதான் அந்த ஊருக்கு அதிகத் தொந்தரவு.

அதனால், அந்த மேடுகளைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். ஊருக்கு நடுவே இப்படிக் கிடப்பதைவிட, எடுத்து அரித்து, மிச்சத்தை அடியில் விரிப்புப் போட்ட குளத்தில் அடக்கி, மேலே மண் மூடி, பச்சை பிடிக்கவைத்தால் நல்லதே. நிலைத்த வளர்ச்சி என்ற பேருக்குத் தகுதியான வேலைதான் அது. ஒப்பந்தக்காரர் தங்கத்தை வழித்துக்கொண்டு, கிழக்கே இருந்த மேட்டை மேற்கே நகர்த்திவிட்டுப் போனால் அது பழைய கதைக்கு இரண்டாம் பாகம்.

ருமேனியாவில் பையா மாரே என்று ஓர் ஊர். அங்கேயும் பழைய சுரங்க மண்மேட்டை மறுபடி அரித்துத் தங்கம் எடுப்பதாகத்தான் ஆரம்பித்தார்கள். ஊரை ஒட்டிக் கிடந்த தூசி மேட்டை அகற்றிய மாதிரியும் ஆயிற்று, லாபமும் ஆயிற்று என்று. 2000 ஜனவரி 30 இரவு, மழையும் உருகிய பனியும் சேர்ந்து கழிவுக்குளத்தின் கரை உடைந்தது. சுமார் ஒரு லட்சம் கனமீட்டர் சயனைடு கலந்த தண்ணீர் திசா ஆற்றில் இறங்கி, ஹங்கேரியைக் கடந்து டான்யூப் வரை போனது. ஹங்கேரியில் மட்டும் செத்து மிதந்த மீன் ஆயிரம் டன்னுக்கு மேல். திட்டத்தின் நோக்கத்தில் பிழையில்லை. கரையில்தான் இருந்தது. கோலாரில் டெண்டர் ஆவணம் வரும்போது நான் முதலில் புரட்டப்போவது கழிவுக்குளத்தைப் பற்றிய பக்கங்களைத்தான்.

இன்னொன்று. 120 வருஷம் தோண்டி, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி, கோலார் கொடுத்த மொத்தத் தங்கம் ஏறக்குறைய 800 டன். இந்தியாவில் நாம் ஒரே வருஷத்தில் வாங்கித் தீர்க்கும் தங்கம் ஏறக்குறைய அவ்வளவு. தங்கவயலுக்குச் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது 1902இல். பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான். உரிகம், மாரிகுப்பம் பகுதிகளில் தொழிலாளர்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் குடும்பங்கள் எப்படி அடைந்து கிடந்தன என்பது உங்கள் அம்மாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். மறுநாளிலிருந்து அந்த ஊருக்குப் பிழைப்பு என்பது விடியற்காலை பெங்களூர் ரயில். சுரங்கம் மூடும் நாளுக்கான திட்டத்தையும் அதற்கான பண உத்தரவாதத்தையும் முன்கூட்டியே தர வேண்டும் என்ற விதி நம் நாட்டில் வந்தது 2003இல். இரண்டு வருஷம் பிந்திவிட்டது. சுரங்கம் என்றைக்காவது தீர்ந்தே தீரும். ஆகவே சுரங்கத்தில் நிலைத்த வளர்ச்சி என்றால், தீர்ந்த மறுநாள் ஊருக்கு என்ன இருக்கும் என்பதற்கு முதல் நாளே பதில் வைத்திருப்பதுதான். என்னால் வேறெப்படியும் அதைப் புரிந்துகொள்ள முடியவில்லை.

அடுத்தது, சுத்தமான தங்கம். கடையில் நகையைத் திருப்பிக் காட்டுவார்கள். ஹால்மார்க் முத்திரை, 22 காரட்டைக் குறிக்கும் 916, நகைக்கு நகை மாறும் எச்.யு.ஐ.டி. என்ற அடையாள எண் (எழுத்தும் இலக்கமும் கலந்து ஆறு). 2023 ஏப்ரலிலிருந்து இந்த எண் இல்லாமல் ஹால்மார்க் நகை விற்க முடியாது. நல்ல ஏற்பாடு. மாற்று (தங்கத்தின் தூய்மை) என்ன, எந்தக் கடை, எந்த மையம் சோதித்தது, எல்லாம் அதில் தெரிந்துவிடும். எந்த மண்ணிலிருந்து வந்தது என்பது மட்டும் தெரியாது. தெரியவும் வழியில்லை. இந்தியாவுக்கு அதிகத் தங்கம் அனுப்பும் நாடு சுவிட்சர்லாந்து. பெயர் சொல்லும்படி ஒரு தங்கச் சுரங்கம்கூட அங்கே கிடையாது. இருப்பது உருக்காலைகள். பெருவின் காட்டில் பாதரசம் விட்டு எடுத்ததும், ஆஸ்திரேலியாவில் ஆயிரம் சட்டத்துக்கு உட்பட்டு எடுத்ததும், யாரோ விற்ற பழைய வளையலும் ஒரே கட்டியாக வெளியே வந்தால், அதில் எதை எங்கே தேடுவது?

பாதரசம் பற்றிப் படித்திருக்கிறீர்கள். உலகத்தில் மனிதர்களால் காற்றில் கலக்கும் பாதரசத்துக்கு மிகப்பெரிய காரணம், மண்ணிலிருந்து தங்கத்தைப் பிரிக்க அதைப் பயன்படுத்தும் சிறு சுரங்கக்காரர்கள்தான். அவர்களைத் திட்டுவது சுலபம். வேறு பிழைப்பில்லாமல் செய்யும் கோடிக்கணக்கான ஏழைகள் அவர்கள். பிலிப்பைன்ஸில் பெங்கெட் என்ற மலைப்பகுதியில் இதே வேலையைப் பாதரசமே இல்லாமல் வெங்காரம் (போராக்ஸ்) வைத்துச் செய்கிறார்கள். நம் ஊர் ஆசாரி பற்றவைக்கும்போது தொட்டு வைப்பாரே, அதே வெள்ளைக் கல். தங்கம் செறிந்த மண்ணோடு அதைச் சேர்த்து உருக்கினால், அழுக்கைத் தன்னோடு இழுத்துக்கொண்டு தங்கத்தைக் கீழே விட்டுவிடும். சிறு சுரங்கக்காரர்களிடமிருந்து நியாய விலைக்கு வாங்கி, முத்திரையிட்டு விற்கும் அமைப்புகளும் இருக்கின்றன. அந்தத் தங்கம் பெரும்பாலும் ஐரோப்பியக் கடைகளுக்குப் போகிறது. ஓசூர் கடைவீதியில் கேட்டால் உங்களை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

ஆகவே அம்மா சொல்வதுதான் சரி. இந்திய வீடுகளில் இருக்கும் தங்கம் சுமார் 25,000 டன் என்பது உலகத் தங்கக் கவுன்சிலின் மதிப்பீடு. 30 கோலார் நம் பீரோக்களில் இருக்கிறது. அதை எடுக்கப் பாறையை உடைக்க வேண்டாம், சாவி போதும்.

கடையில் மாற்றிக்கொண்டாலும் பழைய தங்கம் உருகி மறுபடி நகையாகத்தான் போகும், அதனால் மண்ணுக்கு அதில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் உங்கள் கைக்காசுக்கும் தொழிலுக்கும். கடையில் பழையதற்குக் கழிவு போடுவார்கள், புதியதற்குச் சேதாரமும் செய்கூலியும் போடுவார்கள். பாட்டியின் தங்கம் எங்கோ போய்விடும். ஆசாரியிடம் கொடுத்தால் உங்கள் தங்கம் உங்கள் கண்ணெதிரே உருகும்.

ஒருமுறை பட்டறையில் உட்கார்ந்து பாருங்கள். பூட்டு உடைந்த சங்கிலி, ஒற்றைத் தோடு, நெளிந்த மோதிரம், எல்லாவற்றையும் எடை போட்டு, உரைகல்லில் தேய்த்து மாற்றுப் பார்ப்பார். கல்லையும் அரக்கையும் நீக்கிவிட்டுக் குகை எனப்படும் உருக்கும் கிண்ணத்தில் போட்டு, மேலே ஒரு சிட்டிகை வெங்காரம். தீயை ஊதத் தொடங்கினால் முதலில் மோதிரத்தின் ஓரம் மட்டும் இளகும். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருந்து, சட்டென்று மூன்றும் ஒரே உருண்டையாகச் சேர்ந்து அசையும். அச்சில் ஊற்றி, ஆறியதும் பட்டடையில் தட்டி, கம்பியச்சின் துளைகளில் பெரியதிலிருந்து சிறியதாக இழுத்துக் கம்பியாக்குவார். அராவும்போது விழும் தூள் மடியில் கட்டிய துணியில் சேரும். பட்டறைத் தரையைக் கூட்டிய மண்ணைக்கூட எடை போட்டு விற்பார்கள், அரித்துத் தங்கம் எடுக்கிறவர்களுக்கு. (அங்கேயும் பாதரசமும் திராவகமும் புழங்குகின்றன, குடியிருப்புக்கு நடுவிலேயே. கைத்தொழில் என்பதாலேயே எல்லாம் சுத்தம் என்று எண்ணிவிட வேண்டாம்.)

உங்களுக்குத் தெரிந்த ஆசாரி யாரும் இல்லாமல் போனதற்கும் ஒரு சரித்திரம் உண்டு. 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் நிதியமைச்சராக இருந்தபோது தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றார்கள். 14 காரட்டில் தாலி செய்யச் சொன்னால் யார் செய்வார்கள்? நாடு முழுக்கப் பொற்கொல்லர்கள் வேலையிழந்தார்கள், தற்கொலை செய்துகொண்டவர்களும் உண்டு. பிறகு விதிகள் தளர்ந்தாலும் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் ரத்தாக 1990 ஆயிற்று. அதற்குள் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். மீதியை மெஷின் சங்கிலியும் வார்ப்பு நகையும் பார்த்துக்கொண்டன. ஆனாலும் ஆட்கள் இருக்கிறார்கள். பெரிய கடைகளுக்குக் கூலிக்குச் செய்பவர்களே பலர். பழைய கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் விசாரித்தால் கிடைப்பார்கள்.

இனி செய்முறைக்கு வருகிறேன். முதலில் நகைகளைச் சோதனை மையத்தில் காரட் மீட்டரில் பார்த்துவிடுங்கள். ஹால்மார்க் வருவதற்கு முந்தைய நகைகள், 22 என்று சொல்லி வாங்கியதாக இருந்தாலும், பெரும்பாலும் குறைத்தே காட்டும். துண்டுகளை ஒட்டிப் பற்றவைத்த பொடியில் செம்பும் வெள்ளியும் இருக்கும், உள்ளே அரக்கு இருக்கும், அழுக்கு இருக்கும். உருக்கினால் எடை குறையும். ஆசாரி எடுத்துக்கொண்டார் என்று சண்டைக்குப் போகாதீர்கள். உருக்கும்போது வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்து, முன்னும் பின்னும் எடை பாருங்கள். கூலியையும் சேதாரத்தையும் முன்பே பேசி, துண்டுச் சீட்டிலாவது எழுதி வாங்குங்கள். வருஷத்துக்கு 40 லட்சம் வரை விற்றுமுதல் உள்ளவர்களுக்கு ஹால்மார்க் கட்டாயமில்லை, அதனால் சின்னப் பட்டறையில் முத்திரை இல்லாதது குற்றமல்ல. நகை முடிந்ததும் அதே சோதனை மையத்தில் இன்னொரு தடவை காட்டிவிடலாம்.

எல்லாவற்றையும் உருக்க வேண்டாம். பாட்டியிடம் கெம்புக்கல் அட்டிகை மாதிரி ஏதாவது இருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். அதில் தங்கம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு, வேலை அதிகம். உருக்கினால் நாலைந்து கிராம் கட்டியும் ஒரு பொட்டலம் சிவப்புக் கல்லும்தான் மிஞ்சும். அப்படியே போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒன்று, மறக்காமல் ஆசாரியிடம் சொல்லுங்கள்: கே.டி.எம். பற்று வேண்டாம், பழைய மாதிரி பொடியே போதும் என்று. கே.டி.எம். என்பது காட்மியம். பற்றவைக்கும் சூட்டில் அது ஆவியாகிவிடுவதால் நகையின் மாற்றுக் குறையாது, அதனால்தான் வாங்குகிறவர்கள் அதை விரும்பிக் கேட்டார்கள். அந்த ஆவியை மூச்சில் இழுப்பவர் ஆசாரி. நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஹால்மார்க் நகையில் அதற்கு அனுமதியே இல்லை. ஆனாலும் கேட்கிற வாடிக்கையாளர் இருக்கிறவரை சில பட்டறைகளில் அது நிற்காது. பொடி வைத்தால் ஒரு நகைக்குக் கால் காரட் குறைந்தாலும் பரவாயில்லை என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள், அவர் கேட்கத் தயங்குவார்.

அன்புடன்.