மரத்து உச்சியில் கை வெட்டுப்பட்டால்: பனையேறிகளின் கேள்விகளுக்குப் பதில்

அண்ணே, இடுப்பில் ஏற்கெனவே அரிவாள்பெட்டி, கலயம் என்று சுமை. முதலுதவிப் பெட்டியையும் எப்படித் தூக்கிக்கொண்டு ஏறுவது? (உடன்குடி)

பெட்டி மரத்தடியிலேயே இருக்கட்டும் தம்பி. உங்களோடு ஏற வேண்டியது ஒரு கைப்பிடிப் பொட்டலம்தான். தடித்த காஸ் துணி இரண்டு, நாலு விரல் அகலத்தில் இழுபடும் பேண்டேஜ் ஒன்று, ஒரு விசில். போதும்.

எங்கே வைக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். பாளை சீவும்போது வலது கையில் அரிவாள், இடது கை பாளையில். அரிவாள் வழுக்கினால் வெட்டு இடது கையில்தான் விழும். அப்புறம் வேலை செய்ய ஒரே கைதான். அதனால் பொட்டலம் வலது கைக்கு எட்ட வேண்டும், அரிவாள்பெட்டிக்குள் இருக்கக் கூடாது. உறையின் ஓரத்தை முன்கூட்டியே லேசாக நறுக்கிவிடுங்கள், பல்லால் கடித்து இழுத்தால் கிழியும்.

ஏறுவதற்கு முன் இடது கையை அசைக்காமல் தரையில் நின்று கட்டிப் பாருங்கள். நான் முதலில் செய்து பார்த்தபோது பேண்டேஜ் கையை விட்டு உருண்டு மண்ணில் ஓடிவிட்டது. உச்சியிலென்றால் அது திரும்பக் கிடைக்காது. அன்றைக்கே அதன் நுனியில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வளையம் தைத்தேன். வெட்டுப்பட்ட கையின் கட்டைவிரலில் அதை மாட்டினால் சுற்றும்போது நழுவாது. காஸை வைத்து நன்றாக அழுத்திச் சுற்றுங்கள், பிறகு இறங்குங்கள்.

வெட்டுக்காயத்தில் கலயத்துக்குள் பூசும் சுண்ணாம்பைத் தடவலாமா? அப்பா அப்படித்தான் செய்வார். (சாயல்குடி)

வேண்டாம். சுண்ணாம்பு சதையை அரிக்கும், காயம் ஆறாது. அதைவிடப் பயப்பட வேண்டியது அது கண்ணில் தெறிப்பதற்கு. பார்வையே போகலாம். மூடியில் துளையிட்ட அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று கூடவே இருக்கட்டும். மேலேயே ஒரு முறை பீய்ச்சிக் கழுவி, இறங்கி வந்து குறைந்தது 20 நிமிடம் விடாமல் கழுவுங்கள். தேய்க்காதீர்கள். அதற்கு மரத்தடியில் ஒரு குடம் தண்ணீராவது வேண்டும். அங்கிருந்து நேராகக் கண் மருத்துவரிடம்.

நான் மெஷின் வாளால் கிளை வெட்டுகிறேன், பெல்ட் போட்டுத்தான் ஏறுவேன். டூர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்தக் கைகாலில் இறுக்கி முறுக்கும் பட்டை) தேவையா? (பொள்ளாச்சி)

கட்டாயம் தேவை. மெஷின் வாள் தொடையில் பட்டால் அழுத்திப் பிடிப்பது மட்டும் பல நேரம் போதாது. இரண்டு கைக்கும் எட்டும்படி பெல்ட்டின் முன்பக்கம் மாட்டுங்கள், முதுகுப் பையில் வேண்டாம். காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டைத் தவிர்த்து, ரத்தம் நிற்கும்வரை முறுக்க வேண்டும். கடுமையாக வலிக்கும், அதற்காகத் தளர்த்திவிடாதீர்கள். கட்டிய நேரத்தைக் குறித்து மருத்துவமனையில் சொல்லுங்கள். பாம்புக்கடிக்கு மட்டும் இதைக் கட்டவே கூடாது.

கதண்டு (பெரிய குளவி) கொட்டினால்? (சிவகங்கை)

உடனே இறங்குங்கள். முகம் வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ மாத்திரையை நம்பி உட்கார்ந்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்காரர் விடியலில் தனியாகத்தான் ஏறுகிறார். பொட்டலம் கொடுத்தனுப்பினால் போதுமா? (திசையன்விளை)

போதாதும்மா. அவர் விழுந்தால் பொட்டலத்தால் ஒன்றும் ஆகாது. விசில் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். விழுந்தவரைத் தூக்கி உட்காரவைக்கக் கூடாது, தண்ணீர் புகட்டக் கூடாது, முதுகெலும்பு முறிந்திருக்கலாம். மூச்சு இருக்கிறதா என்று பார்த்து, தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு 108 வரும்வரை கூடவே இருக்க வேண்டும். பனை நிற்கும் விளைக்கு 108 வண்டி எந்தப் பாதையில் வரும், எந்தக் கோயில் பக்கம் திரும்ப வேண்டும் என்று இன்றைக்கே துணைக்கு இருப்பவருக்கும் சொல்லி, நீங்களும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.