சரணடைந்தவர்களைப் பாலடின் என்ன செய்வான்?

கேள்வி: மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதையை நடத்திச் செல்லும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 3.5 பதிப்பை நண்பர்களுடன் ஆடி வருகிறேன். என் கதாபாத்திரம் பாலடின். தெய்வ அருளால் வலிமை பெற்று, நன்மைக்காகப் போரிடும் புனித வீரன். கிராமங்களைச் சூறையாடிய காப்ளின் (குட்டை உருவ அரக்க இனம்) கூட்டம் ஒன்றை முறியடித்தபோது, எஞ்சியவர்கள் ஆயுதங்களைக் கீழே போட்டுச் சரணடைந்தார்கள். அவர்களைக் கொல்வது தீச்செயல் என்று கதையை நடத்தும் டன்ஜன் மாஸ்டர் சொன்னதால், விட்டுவிட்டேன். உடனே, தீயவர்களைத் தண்டிக்கும் கடமையை மீறிவிட்டதாகக் கூறி என் பாலடினின் சக்திகளையெல்லாம் பறித்துவிட்டார். இது நியாயமா?
- கோயம்புத்தூர் வாசகர்

பதில்: நியாயமில்லை. அந்தப் பதிப்பின் விதிநூலும் அதற்கு இடம் தரவில்லை. 'லாஃபுல் குட்' எனப்படும், ஒழுங்கும் நன்மையும் சேர்ந்த நெறியைக் கைவிடுவது, மனமறிந்து தீச்செயல் புரிவது, தன் கடப்பாட்டை மிக மோசமாக மீறுவது ஆகிய மூன்றில் ஒன்று நடந்தால்தான் பாலடின் சக்திகளை இழக்கிறான். கடப்பாடு என்பது முறையான அதிகாரத்தை மதிப்பது, பொய்யும் வஞ்சனையும் நஞ்சும் இன்றி மானத்துடன் நடப்பது, உதவி வேண்டுவோருக்கு உதவுவது, அப்பாவிகளுக்குத் தீங்கு செய்வோரைத் தண்டிப்பது ஆகியவற்றைக் குறிக்கும். சரணடைந்தவர்களைத் தண்டிக்காமல் விட்டது கடைசிக் கடமையில் ஏற்பட்ட குறை என்று ஒருவர் வாதிடலாம். ஆனால், உயிரைப் பறிக்க மனமில்லாமல் செய்த ஒரு செயலை 'மிக மோசமான மீறல்' என்று எந்த வாசிப்பிலும் சொல்ல முடியாது.

விதியைவிட முக்கியமான ஒன்றும் இங்கே இருக்கிறது. கொல்வது, விட்டுவிடுவது ஆகிய இரண்டு வழிகள் மட்டுமே இருப்பதுபோல உங்கள் மேசையில் பேசப்பட்டிருக்கிறது. தண்டனை என்றால் கொலை என்று விதிநூல் எங்கும் சொல்லவில்லை. ஒழுங்கை மதிக்கும் வீரன், கைதிகளைக் கட்டி அருகிலுள்ள நகரத்தின் நீதிமன்றத்திடம் ஒப்படைக்கலாம். அப்படிச் செய்தால் பயணம் தாமதப்படும், உணவு பங்கு போகும், இரவெல்லாம் காவல் இருக்க வேண்டும், கூட வருபவர்கள் முணுமுணுப்பார்கள். தான் நம்பும் அறத்துக்காக இவ்வளவையும் தாங்க அந்த வீரன் முன்வருவானா என்பதுதான் ஆடத் தகுந்த கேள்வி. எந்தப் பதிலைச் சொன்னாலும் தோல்விதான் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிட்டுக் கேட்கப்படும் கேள்வி அறச்சிக்கல் ஆகாது. அது ஆட்டக்காரருக்கு வைக்கப்பட்ட பொறி.

விடுவிக்கப்பட்ட காப்ளின்கள் திரும்பி வந்து இன்னொரு கிராமத்தை எரிக்கலாமா என்றால், தாராளமாக எரிக்கலாம். அது கதையின் விளைவு. அதைக் கொண்டுவர டன்ஜன் மாஸ்டருக்கு முழு உரிமை உண்டு, அதிலிருந்து மிக நல்ல கதையும் பிறக்கும். அவர்களில் ஒருவன் மனம் மாறி, பின்னாளில் உங்களுக்கு வழி காட்டவும் கூடும். அதே பதிப்பின் அரக்க உயிரினங்கள் பற்றிய நூல் காப்ளின்களை 'எப்போதும்' தீயவர்கள் என்று வகைப்படுத்தவில்லை, 'வழக்கமாக' என்றுதான் குறிப்பிடுகிறது. ஆனால், விளைவு வேறு, வீரனின் மனத்தின் மீது வழங்கப்படும் தீர்ப்பு வேறு. அந்தத் தீர்ப்பை, அந்த நேரத்தில் அவனுக்கு என்ன தெரிந்திருந்தது, எதை நாடி அவன் செயல்பட்டான் என்பதை வைத்தே வழங்க வேண்டும்.

உங்கள் டன்ஜன் மாஸ்டரிடம் இன்னொன்றும் கேளுங்கள். 'ஃபிலாக்டரி ஆஃப் ஃபெயித்ஃபுல்னஸ்' என்றொரு மந்திரப் பொருள் அந்த விதிநூலில் உண்டு. விலை 1,000 பொற்காசு. செய்யப்போகும் செயல் தெய்வத்தின் முன் தன் நிலையைப் பாதிக்குமா என்பதை அணிந்திருப்பவர் அதன்மூலம் முன்கூட்டியே அறியலாம். அந்தப் பொருள் கையில் இல்லாவிட்டாலும், வாழ்நாள் முழுவதும் தன் மறையைப் பயின்ற பாலடினுக்குச் சபதத்தின் எல்லை தெரிந்திருக்கும். ஆகவே, 'இதைச் செய்தால் சபதம் முறியும்' என்று பகடையை உருட்டும் முன்பே ஆட்டக்காரரிடம் சொல்வது டன்ஜன் மாஸ்டரின் கடமை என்றே நான் கருதுகிறேன். அந்த எச்சரிக்கைக்குப் பிறகும் ஒருவர் தெரிந்தே வீழ்ச்சியைத் தேர்ந்தெடுத்தால், அந்த வீழ்ச்சிக்கு ஒரு கண்ணியம் இருக்கும்.

கேள்வி: பாலடினுக்கு மட்டும் ஏன் இத்தனை கட்டுப்பாடு?
- திருச்சி வாசகர்

பதில்: 1974இல் வெளிவந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸில் பாலடின் இல்லை; 1975இல் வந்த 'கிரேஹாக்' துணைநூலில்தான் அவன் அறிமுகமானான். 1978இன் மேம்பட்ட பதிப்பு அவனை இன்னும் இறுக்கிக் கட்டியது. மனிதனாக இருக்க வேண்டும், கவர்ச்சிப் பண்பின் மதிப்பெண் 17க்குக் குறையக் கூடாது, பத்துக்கு மேல் மந்திரப் பொருள் வைத்திருக்கக் கூடாது, வருவாயில் பத்தில் ஒரு பங்கைத் தானமாகத் தர வேண்டும். தெரிந்து ஒரு தீச்செயல் செய்தால் அந்த நிலை திரும்பக் கிடைக்கவே கிடைக்காது. மற்ற வீரர்களுக்கு இல்லாத வலிமைகளுக்கு ஈடாக நெறியையே விலையாக வைத்தார்கள் என்பது என் புரிதல். ஆட்டத்தின் சமநிலையைக் காக்க வந்த ஏற்பாடு, காலப்போக்கில், மேசையில் இருப்பவர்களின் அறக்கருத்துகள் மோதும் இடமாக மாறிவிட்டது. 2008இன் நான்காம் பதிப்பு, தீச்செயலால் சக்தி பறிபோகும் விதியைக் கைவிட்டது. 2014இன் ஐந்தாம் பதிப்பு வெவ்வேறு சபதங்களை வகுத்து, எதைக் காப்பது என்று ஆட்டக்காரரே தேர்ந்தெடுக்க வழிசெய்தது. பழிதீர்க்கும் சபதம் ஏற்றவனும் பக்திச் சபதம் ஏற்றவனும் சரணடைந்த ஒரே காப்ளின் முன் வேறு வேறாக நடந்துகொள்வது இதனால் இயல்பாகிவிட்டது. இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன்.

கேள்வி: எங்கள் குழுவில் உள்ள திருடன் கைதிகளைச் சித்திரவதை செய்கிறான். பாலடினாகிய நான் கண்ணை மூடிக்கொள்வதா, கத்தியை எடுப்பதா?
- சேலம் வாசகர்

பதில்: இரண்டும் வேண்டாம். இது கதாபாத்திரங்களுக்கு இடையே எழுந்த சிக்கல்போலத் தெரிந்தாலும், உண்மையில் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும் நண்பர்களுக்கு இடையிலானது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு, எத்தகைய கதையை எல்லோரும் விரும்புகிறார்கள் என்று பேசுங்கள். சித்திரவதையைக் காட்சியாகக் கேட்க விரும்பாதவர் ஒருவர் இருந்தாலும் அதை விட்டுவிடுங்கள். உங்கள் சபதம் உங்களைக் கட்டுப்படுத்தும், சக ஆட்டக்காரரைக் கட்டுப்படுத்தாது.

கேள்வி: இரண்டு கடமைகள் மோதினால் எதை விடுவது? அப்பாவி ஒருவர் என் வீட்டில் ஒளிந்திருக்கிறார். கொல்ல வந்தவன் வாசலில் நின்று கேட்கிறான். பாலடின் பொய் சொல்லலாமா?
- மதுரை வாசகர்

பதில்: இதே வகையைச் சேர்ந்த இன்னொரு விளையாட்டான பாத்ஃபைண்டரின், 2019இல் வந்த இரண்டாம் பதிப்பு இதற்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. அதில் பாலடின், 'சாம்பியன்' என்ற கதாபாத்திர வகைக்குள் வருகிறான். அவனுடைய கட்டளைகள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. மோதல் வந்தால் மேலே உள்ளதே வெல்லும். அப்பாவிக்குத் தீங்கு வராமல் காப்பது மேலே இருக்கிறது, பொய் சொல்லாமை அதற்குக் கீழே இருக்கிறது. ஆகவே அந்த வாசலில் பொய் சொன்னவன் சபதத்தை மீறியவன் ஆகமாட்டான். வாய் திறக்காமல் வாசலை மறித்து நிற்கும் பாலடினை நான் இன்னும் அதிகம் விரும்புவேன் என்றாலும், அவனுக்குப் போரிட வலிமை இல்லாத நாளில் அந்தப் பொய்யை அவன் தயங்காமல் சொல்லட்டும். நீங்கள் எந்தப் பதிப்பை ஆடினாலும் இத்தகைய வரிசை ஒன்றை டன்ஜன் மாஸ்டருடன் உட்கார்ந்து எழுதி, கதாபாத்திரத் தாளிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கதை தொடங்கும் முன்பே அதை எழுதிவிட வேண்டும். நடுவில் எழுதினால், அப்போது மேசையில் இருக்கும் சிக்கலுக்கு ஏற்றவாறு வரிசை வளைந்துவிடும்.