ஐந்து பேருக்கும் ஒரே ரிக்கெற்றா?

கேள்வி: அன்புள்ள அக்கா, ஆவணி விடுமுறைக்கு நாங்கள் பாரிசுக்குப் போக இருக்கிறோம். இவருடைய தங்கை குடும்பம் லாக்கூர்நெவில் இருக்கிறது, மூன்று கிழமையும் அவர்களோடுதான். நானும் இவரும், 11 வயது மகன், ஐந்தரை வயது மகள், 68 வயது மாமி. பிள்ளைகள் இரண்டு பேரும் ‘டிஸ்னிலாண்ட்’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறொன்றும் கதைப்பதில்லை. அங்கே இரண்டு பார்க் இருக்கிறதாம். மச்சாள், “ஒரே நாளில ரெண்டையும் பாக்கிற ரிக்கெற்றா எடுங்கோ, வந்ததுக்கு முழுக்கப் பாத்திட்டுப் போங்கோ” என்கிறா. இவரோ ஒரு பார்க்கே காணும் என்கிறார். கனடாவில் இருக்கிற இவருடைய கூட்டாளி, ரெண்டு பார்க் ரிக்கெற் காசைக் கரியாக்கிற வேலை என்று சொல்லிவிட்டாராம். மகனுக்கு ரோலர் கோஸ்டர் வேண்டும், மகளுக்கு ‘ஃப்ரோசன்’ படத்து எல்சா வேண்டும். மாமிக்கு முழங்கால் வருத்தம், ஆனால் “என்னை விட்டிட்டுப் போகாதேங்கோ” என்கிறா. சீட்டு எடுத்த காசில்தான் இந்தச் செலவு. முதல் தடவை, ஒருவேளை கடைசித் தடவையும் இதுதான். எந்த ரிக்கெற் எடுப்பது?
– வாசகி, கொக்குவில்

பதில்: தங்கச்சி, மச்சாள் சொல்வதும் சரி, உங்கள் அவர் சொல்வதும் சரி. இரண்டு பேரும் ஐந்து பேருக்கும் ஒரே ரிக்கெற் என்று நினைத்துக்கொண்டு கதைப்பதுதான் கரைச்சல். ரிக்கெற் குடும்பத்துக்கு அல்ல, ஆளுக்குத்தான் விற்கிறார்கள். ஒருவர் ஒரு நாள் போகலாம், இன்னொருவர் இரண்டு நாள் போகலாம். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள்.

முதலில் கனடாக் கூட்டாளியின் கதையை முடித்துவிடுவோம். அவர் சொன்னது அநேகமாக அமெரிக்காவின் புளோரிடாவைப் பற்றி. அங்கே டிஸ்னிக்கு நான்கு பெரிய பார்க், போதாததற்கு இரண்டு தண்ணீர்ப் பார்க். எல்லாம் சேர்த்து 100 சதுர கிலோமீற்றர் அளவு காணியில் சிதறிக் கிடக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போக பஸ்ஸோ மோனோ ரயிலோ எடுக்க வேண்டும், காத்திருக்கும் நேரத்தோடு பார்த்தால் ஒரு மணித்தியாலம் போய்விடும். முதல் தடவை போகிறவர்கள் அங்கே ஒரு நாளைக்கு ஒரு பார்க் என்று வைத்துக்கொள்வது புத்திதான். பாரிசில் கதை வேறு. இரண்டு பார்க்கின் வாசலும் ஒரே முற்றத்தில் இருப்பதுபோல. ஒன்றால் வெளியே வந்து சில நிமிடம் நடந்தால் மற்றது, ரயில் நிலையமும் பக்கத்திலேயே. ஆகையால் இங்கே இரண்டு பார்க் ரிக்கெற் என்பது முழு மடைத்தனம் அல்ல. யாருக்கு, எந்த நாளுக்கு என்பதுதான் பார்க்க வேண்டியது.

இரண்டும் எப்படிப்பட்டவை என்றும் சொல்லிவிடுகிறேன். 1992 ஏப்ரலில் திறந்தது டிஸ்னிலாண்ட் பார்க். படங்களில் பார்க்கிற இளஞ்சிவப்புக் கோட்டை, ஊர்வலம், கோட்டையில் காட்டுகிற இரவு விளக்குக் காட்சி எல்லாம் அதில்தான். 2002இல் திறந்தது ஸ்டூடியோஸ் பார்க். 2026இல் அதற்கு டிஸ்னி அட்வெஞ்சர் வேர்ல்ட் என்று பெயர் மாற்றி, எல்சாவின் பனி ஊரையும் அதற்குள் கட்டியிருக்கிறார்கள். மச்சாளின் வீட்டில் இன்னும் ‘ஸ்டூடியோஸ்’ என்றே சொல்வார்கள், குழம்பாதீர்கள். உங்கள் மகளின் எல்சா இருப்பது இரண்டாவதில். அதனால்தான் உங்கள் அவருடைய ‘ஒரு பார்க் காணும்’ என்ற கணக்கு உங்கள் வீட்டுக்குச் சரிவராது. கோட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்தால் அந்தப் பிள்ளை கட்டுநாயக்கா வரைக்கும் அழும்.

சரி, அப்படியென்றால் மச்சாள் சொன்னபடி ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாமா? இதற்கு என் சொந்தக் கதையைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முந்தி தம்பி வீட்டுக்குப் போன இடத்தில் நானும் அப்படித்தான் எடுத்தேன். தம்பி வேண்டாம் என்றுதான் சொன்னான். “வந்ததுக்கு முழுக்கப் பாப்பம்” என்று நின்றது நான். காலையில் முதல் பார்க்குக்குள் போனோம். பின்னேரம் நாலரை மணிக்கு இரண்டாவதன் வாசலில் ரிக்கெற்றைக் காட்டி உள்ளே போகும்போது சின்னவள் என் தோளில் நித்திரை. ஒரு காலில் சப்பாத்து இல்லை, எங்கே விழுந்தது என்று இன்றைக்கும் தெரியாது. பெரியவன் பசி என்கிறான், அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு வாங்கில் இருந்தோம். பையில் ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கு இருந்தது. தின்றோம். திரும்பி ரயில் ஏறினோம். இரண்டாவது பார்க்கில் நாங்கள் பார்த்தது அந்த வாங்குதான். ரிக்கெற் வித்தியாசத்தைப் பிரித்துப் பார்த்தால், ஒரு முறுக்கு எத்தனை யூரோ என்று அவர் இன்றைக்கும் சபையில் சொல்லிக் காட்டுவார்.

பார்க்குகள் கிட்டக் கிட்ட இருக்கலாம். பிள்ளைகளின் கால் அது பார்த்து நடக்காது. ஆவணி மாதம் பிரான்சுக்கும் பள்ளிக்கூட விடுமுறை, சனம் அள்ளுப்படும். பெயர் போன ரைட் ஒன்றுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வரிசையில் நிற்பது அங்கே புதினம் இல்லை. நல்லூர்த் தேரன்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீதியில் நின்ற ஆளுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

உங்களிடம் ஹொட்டேலில் தங்குகிறவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது: மூன்று கிழமை, வாடகை இல்லாத வீடு. அவர்களுக்கு ஒவ்வொரு இரவுக்கும் காசு ஓடும், அதனால் ஒரே நாளில் திணிக்கப் பார்ப்பார்கள். நீங்கள் ஏன் திணிக்க வேண்டும்? ஒரு நாள் முதல் பார்க், இரண்டு மூன்று நாள் ஆறி, இன்னொரு நாள் இரண்டாவது பார்க். என்னுடைய யோசனை இதுதான்.

முதல் நாள், டிஸ்னிலாண்ட் பார்க்குக்கு ஐந்து பேரும். மாமியையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். அந்தப் பார்க்கைச் சுற்றி ஒரு நீராவி ரயில் ஓடுகிறது, ஏறி இருந்தால் காணும். படகில் இருந்தபடி பொம்மைகளைப் பார்த்துப் போகிற ‘இட்ஸ் எ ஸ்மோல் வேர்ல்ட்’ இருக்கிறது, அதில் பயப்பட ஒன்றும் இல்லை. கோட்டையின் அடியில் குகைக்குள் தலையை அசைத்துப் புகை விடுகிற ஒரு பெரிய டிராகன் இருக்கிறது. வாசலில் சக்கர நாற்காலி வாடகைக்கு எடுக்கலாம். “நான் என்ன நொண்டியோ” என்று மாமி கேட்பா. மத்தியானத்துக்குப் பிறகு கேட்க மாட்டா.

இரண்டாவது நாளுக்கு மாமிக்கு ரிக்கெற் வேண்டாம். ஒரு முழு ரிக்கெற் காசு அங்கேயே மிச்சம். விட்டுவிட்டுப் போகிறோம் என்ற மனக்குறை வராமல் மச்சாளோடு அவவை பாரிசில் இருக்கிற லாச்சப்பலுக்கு அனுப்புங்கள். 1985இல் தொடங்கிய மாணிக்க விநாயகர் ஆலயம் அங்கே இருக்கிறது, ஆவணிக் கடைசிப் பக்கம் தேரும் உண்டு. நல்லூர்க் கொடி ஏறின பிறகு ஊரை விட்டு வந்தோமே என்ற கவலைக்கும் அது மருந்து.

மகளின் உயரத்தை இன்றைக்கே அளவுங்கள். சப்பாத்து இல்லாமல் கதவு நிலையோடு நிறுத்தி, தலைக்கு மேல் கொப்பி ஒன்றை மட்டமாக வைத்து, பென்சிலால் கோடு போடுங்கள். சுரங்க ரயில்போல ஓடுகிற பிக் தண்டர் மவுண்டனுக்கு 102 சென்ரிமீற்றர் வேண்டும். இரண்டாவது பார்க்கில் ஆமையின் முதுகில் சுழல்கிற கிரஷ் கோஸ்டருக்கு 107. முதல் பார்க்கில் இருட்டுக்குள் பாய்கிற ஹைப்பர்ஸ்பேஸ் மவுண்டனுக்கு 120, அது அவவுக்கு இன்னும் சில வருடம் இல்லை. தலைகீழாகச் சுற்றுகிற இண்டியானா ஜோன்ஸ் ரைட்டுக்கு 140, அங்கே மகனையும் நிறுத்தி அளக்க வேண்டிவரும். வாசலில் கோல் வைத்து அளப்பார்கள், “கொஞ்சம்தானே குறையுது” என்ற கதை எடுபடாது. ஒரு மணித்தியாலம் நின்ற பிறகு ‘இல்லை’ என்று கேட்பதைவிட கொக்குவிலில் வைத்துக் கேட்பது நல்லது. மகன் ஏறக்கூடிய, மகள் ஏறமுடியாத இடத்தில் நீங்களும் அவரும் மாறி மாறி ஏற ஒரு வழி இருக்கிறது: ஒருவர் போய் வரும்வரை மற்றவர் பிள்ளையோடு நின்று, பிறகு திரும்ப முழு வரிசையில் நிற்காமல் உள்ளே போகலாம். ‘பேபி சுவிச்’ என்று கேளுங்கள், விளங்கும்.

இந்த அளவைப் பார்த்த பிறகுதான் காசுக் கணக்கு. விலை நாளுக்கு நாள் மாறும், சனி ஞாயிறும் விடுமுறை நாளும் கூட, கிழமை நாள் குறைய. 3 வயதுக்குக் கீழே இலவசம், 3 முதல் 11 வரை சிறுவர் விலை, 12 ஆனால் பெரியவர். மகனுக்கு 12 பிறக்கிற நாள் எப்போது என்று பாருங்கள், அதற்கு முந்தின கிழமை போனால் கொஞ்சம் மிஞ்சும். இரண்டு பார்க் ரிக்கெற்றுக்கு ஆளுக்கு 25 யூரோ கூட என்று ஒரு பேச்சுக்கு வைத்தால், ஐந்து பேருக்கு 125. யூரோவை 350 ரூபாயாகப் போட்டால் நாற்பத்து மூவாயிரத்துக்கு மேல். அந்தக் காசு வாங்கில் முறுக்குத் தின்ன அல்ல. இரண்டு தனித்தனி நாளாக எடுப்பதா, இரண்டு நாள் ரிக்கெற்றாகச் சேர்த்து எடுப்பதா என்று அவர்களுடைய சொந்த இணையத்தளத்தில் நாளைப் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். நாள் கூடக் கூட ஒரு நாளுக்கான விலை இறங்கும். ஆனால் சேர்த்து எடுக்கிற ரிக்கெற்றில் இடையில் நாள் விட்டுப் போகலாமா என்பதை வாசித்துவிட்டு எடுங்கள்.

மிச்சம் பிடித்ததில் ஒரு சின்னப் பங்கை மகனுக்கு ஒதுக்கலாம். காசு கட்டி வரிசையைத் தாண்டுகிற ‘பிரீமியர் அக்சஸ்’ என்ற முறை இருக்கிறது. முழு நாளுக்கும் எடுத்தால் கை கடிக்கும். அவன் ஆகலும் ஆசைப்படுகிற ஒரே ஒரு ரைட்டுக்கு மட்டும் எடுங்கள். எனக்கென்றால் இரண்டாவது பார்க்கை அவசரமாக எட்டிப் பார்ப்பதைவிட இது பெறுமதி.

இரண்டு நாள் போக முடியவே முடியாது, மச்சாளின் லீவு ஒரு நாள்தான் என்று வந்தால் மட்டும் மச்சாளின் ரிக்கெற்றுக்கு நானும் ஓம். அப்போதும் மாமிக்கு ஒரு பார்க் ரிக்கெற் போதும். கதவு திறக்கிற நேரத்துக்கு எல்சாவின் பார்க்குக்குப் போய், மத்தியானம் ஒரு மணிக்கு மனதைக் கல்லாக்கிக்கொண்டு வெளியே வாருங்கள். மாமியை மச்சாள் ஆறுதலாகக் கூட்டிவரட்டும், மற்றப் பார்க்கின் வாசலில் சந்தியுங்கள். பிறகு இரவுக் காட்சி வரைக்கும் அங்கேயே. மாறி மட்டும் போகாதீர்கள், கோட்டைக்குள் போனால் வெளியே வரமாட்டீர்கள். ஆவணியில் அங்கே இருட்ட இரவு ஒன்பது மணியாகும், காட்சி அதற்குப் பிறகுதான். அதனால் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே பாருங்கள். லாக்கூர்நெவிலிருந்து பி லைன் ரயிலில் சத்லே லே ஆல் நிலையத்துக்கு வந்து, ஏ லைனுக்கு மாற வேண்டும். ஏ லைன் கிழக்கே இரண்டாகப் பிரியும். பலகையில் மார்ன் லா வலே செஸி என்று இருந்தால் மட்டும் ஏறுங்கள். மற்றக் கிளையில் போகிற புவாசி ரயிலில் ஏறினால் டிஸ்னி வராது. ஆவணியில் தண்டவாள வேலைக்கென்று அந்த லைனில் சில பகுதிகளை மூடுவதும் உண்டு, முதல் நாள் இரவு மச்சாளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாப்பாடு உள்ளே விலை. தண்ணீர்ப் போத்தலும் சின்னத் தீனும் கொண்டுபோகலாம், கண்ணாடிப் போத்தல் கூடாது. பயற்றம் பணியாரம் நல்லது, பிள்ளைகளுக்குப் பசி தாங்கும். மாமி வெள்ளிக்கிழமை சைவம் என்றால் அந்த நாளைத் தவிருங்கள், உள்ளே சைவம் தேடி அலைய நேரம் இல்லை.

ரிக்கெற்றை எப்போது எடுப்பது என்றும் கேட்பீர்கள். விசா கையில் வந்த பிறகு. விசாக் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வரை 45, ஆறுக்குக் கீழே இல்லை, உங்கள் சின்னவ தப்பினா. விசா கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பி வராது. அதோடு டிஸ்னிக் காசையும் சேர்த்துத் தொலைக்க வேண்டாம். உங்களைத் தன் வீட்டில் தங்கவைக்கிறேன் என்று மச்சாள் மேரியில், அதாவது அங்கத்தைய நகரசபையில், எடுக்க வேண்டிய வரவேற்புப் பத்திரத்துக்கும் நாள் பிடிக்கும், அதை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. பயணத்துக்கென்று மாமிக்குப் புதுச் சப்பாத்து வாங்க வேண்டாம். கோயிலுக்குப் போட்டுப் பழகின அந்தச் செருப்பே காணும்.