முழங்கால் தேய்ந்துவிட்டது, இனி நடக்கலாமா?

கேள்வி: எனக்கு 57 வயது. இரண்டு வருடமாக இடது முழங்காலில் வலி. எக்ஸ்ரே பார்த்துவிட்டு, மூட்டு இடைவெளி குறைந்திருக்கிறது, தேய்மானம்தான் என்றார்கள். மிச்சமிருக்கும் குருத்தெலும்பையாவது காப்பாற்றலாம் என்று நடைப்பயிற்சியை நிறுத்திவிட்டேன். படியேறுவதும் இல்லை. ஆனாலும் வலி கூடிக்கொண்டேதான் போகிறது. குளுக்கோசமைன் மாத்திரை சாப்பிடுகிறேன். ஊசி போட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள். போடலாமா டாக்டர்?

பதில்: முதலில் நடைப்பயிற்சியைத் திரும்பத் தொடங்குங்கள் அம்மா. ஊசியைப் பற்றி அப்புறம் பேசலாம்.

நடந்தால் மூட்டு இன்னும் தேயும் என்ற பயம் உங்களுக்கு மட்டுமல்ல, என்னிடம் வருகிற பெரும்பாலானவர்களுக்கும் இருக்கிறது. குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அதற்குச் சத்து போக வேண்டும். கால் ஊன்றும்போது குருத்தெலும்பு பஞ்சு போல அமுங்கி, எடுக்கும்போது விரிகிறது. அந்த அசைவில்தான் திரவம் உள்ளே போய்வருகிறது. அசையாமல் வைத்திருந்தால் அதைக் காப்பாற்ற முடியாது. இன்னொன்று, நடக்காமல் இருந்தால் தொடைத் தசை மெலியும். தசை தாங்க வேண்டிய சுமை மூட்டின் மேல் இறங்கும், வலி கூடும், வலிக்கிறதே என்று இன்னும் குறைவாக நடப்பீர்கள். இப்போது உங்களுக்கு நடந்துகொண்டிருப்பது அநேகமாக இதுதான்.

எக்ஸ்ரேயிலோ ஸ்கேனிலோ தெரிவதும் உங்களுக்கு வலிப்பதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரத்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேருக்கு முழங்காலில் எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். முடிவு 2008-இல் வெளியானது. மூட்டுக்குள் மெத்தை போல இருக்கும் ஜவ்வு கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ இறுக்கமோ இல்லவே இல்லை. அதனால் அந்த எக்ஸ்ரே படத்தைத் தினமும் எடுத்துப் பார்த்துக் கவலைப்படாதீர்கள்.

ஊசி. ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும், உண்மைதான். வீங்கி, கால் ஊன்றவே முடியாத நேரத்தில் நானும் போடுவதுண்டு. ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று இரண்டு வருடம் போட்டுப் பார்த்த ஓர் ஆய்வில் (2017, 140 பேர்), வெறும் உப்புநீர் ஊசி போட்டவர்களைவிட ஸ்டீராய்டு போட்டவர்களுக்குக் குருத்தெலும்பு அதிகமாகக் குறைந்திருந்தது. வலியிலோ வித்தியாசம் இல்லை. 2020-இல் வந்த இன்னோர் ஆய்வு ஊசியையும் ஃபிசியோதெரபியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டது. ஒரு வருடம் கழித்து ஃபிசியோதெரபி எடுத்தவர்களுக்கே வலி குறைவாகவும் நடமாட்டம் மேலாகவும் இருந்தது.

குளுக்கோசமைனை 1,583 பேரிடம் சோதித்து 2006-இல் முடிவு சொன்னார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரையைவிடக் குறிப்பிடும்படியான பலன் தெரியவில்லை. உங்களுக்கு உதவுவதாகத் தோன்றவில்லை என்றால் தாராளமாக நிறுத்திவிடலாம்.

சரி, என்ன செய்வது? கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சியை உங்களுக்குச் சிபாரிசு செய்கிறேன். ரொம்பத் தாழ்வாக இல்லாத, நகராத நாற்காலியின் முன்பகுதிக்கு வந்து உட்காருங்கள். பாதங்களை இடுப்பளவு விரித்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னே வையுங்கள். உடம்பை முன்னால் சாய்த்து எழுந்திருங்கள். உட்காரும்போது தொப்பென்று விழாமல், மூன்று எண்ணும் வரை மெதுவாக இறங்குங்கள். தசைக்கு வேலை கொடுப்பது இந்த இறக்கம்தான். எட்டு முறை செய்து, கொஞ்சம் ஓய்வெடுத்து, மறுபடி எட்டு. வாரத்தில் மூன்று நாள் போதும். முடியவில்லை என்றால் நாற்காலி மேல் கெட்டியான தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள். நடையைப் பத்து நிமிடத்தில் தொடங்கி மெல்லக் கூட்டுங்கள்.

செய்யும்போது லேசாக வலிக்கும். அது மூட்டு கெடுவதற்கான அறிகுறி இல்லை. மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அளவு சரி, இல்லையென்றால் அடுத்த முறை குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். தசை பலப்பட எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும்.

உங்கள் எடையை எழுதவில்லை. கூடுதலாக இருந்தால், குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஓர் அடி வைக்கும்போது முழங்காலில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். வலிக்கு முதலில் டைக்ளோஃபெனாக் ஜெல் தடவிப் பாருங்கள். வலி மாத்திரையை நீங்களாக வாங்கித் தொடர்ந்து சாப்பிட வேண்டாம். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருந்தால் கண்டிப்பாக வேண்டாம்.

காலையில் மூட்டு இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, கைவிரல் மூட்டுகளும் வீங்கினாலோ அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு வைத்தியமே வேறு, தாமதிக்காமல் மூட்டுநோய் நிபுணரைப் பாருங்கள். முழங்கால் திடீரென்று வீங்கிச் சூடாகி, காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை? இதையெல்லாம் சில மாதம் ஒழுங்காகச் செய்தும் வலி தூக்கத்தைக் கெடுக்கிறது, நடமாடவே விடவில்லை என்றால் அப்போது யோசிக்கலாம்.