வருமான வரியை எடுத்தால் பூச்சி மருந்து என்ன விலை?

கேள்வி: மன்னார்குடி பக்கம் ஆறு ஏக்கரில் சம்பா சாகுபடி செய்கிறோம். கடை வாடகையும் கொஞ்சம் வருகிறது. "துபாயில் வருமான வரியே இல்லை, இங்கேயும் எடுத்துவிட்டால் அரசாங்கம் நடக்காதா?" என்கிறார் அங்கே வேலை பார்க்கும் மருமகன். எடுத்தால் எங்களுக்கு ஆதாயமா?

பதில்: அரசாங்கம் நடக்கும். நடத்துகிற செலவில் ஒரு பங்கு உங்கள் தலையில் வந்து விடியும்.

நெல் வருமானத்துக்கு மத்திய அரசின் வருமான வரி இப்போதும் கிடையாது. வாடகை போன்ற பிற வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டி, விவசாய வருமானமும் 5,000 ரூபாயைத் தாண்டினால்தான், வரி விகிதத்தைக் கணக்கிட மட்டும் அதையும் சேர்ப்பார்கள். அதற்காகச் சிட்டா, அடங்கல், கொள்முதல் நிலைய ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். மற்றபடி, கட்டாத வரியை எடுப்பதில் உங்களுக்கு மிச்சம் ஏது?

துபாய்க் கதை வேறு. அமீரகத்துக்கு அபுதாபியின் எண்ணெய்ப் பணம் இருக்கிறது. அப்படியும் 2018-ல் 5% வாட், 2023 ஜூனிலிருந்து கம்பெனி லாபத்துக்கு 9% வரி என்று கொண்டுவந்துவிட்டார்கள். நம்மூரிலும் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்று பெயரெடுத்த முதலாம் குலோத்துங்கன், 1086-ல் நிலத்தை அளக்க வைத்தவன். சுங்கத்தை விட்டான், நில வரியை விடவில்லை.

இனி கணக்கு. 2025-26 மத்திய பட்ஜெட் மதிப்பீட்டில் வருமான வரி 14.38 லட்சம் கோடி ரூபாய். கம்பெனி வரி இதில் சேராது. மத்திய அரசுக்கு வரும் ஜிஎஸ்டி 11.78 லட்சம் கோடி. கடன் வாங்கிச் சமாளிக்கலாம் என்றால், வரவில் ரூபாய்க்கு 24 காசு ஏற்கெனவே கடன், செலவில் 20 காசு வட்டிக்கே போகிறது. ஆக ஜிஎஸ்டிதான் கதி. அது 26.16 லட்சம் கோடியாக வேண்டும், அதாவது சுமார் 2.2 மடங்கு.

18% ஜிஎஸ்டி உள்ள ரசாயனப் பூச்சி மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 9 மத்திய அரசுக்கு, 9 மாநிலத்துக்கு. மத்திய அரசின் 9 அந்த 2.2 மடங்கு ஏறி 20 ஆகிவிட்டால் மொத்தம் 29%. வரிக்கு முன் 1,000 ரூபாயான மருந்து இன்று 1,180, அப்போது 1,290. விலை ஏறியும் விற்பனை குறையாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. குறைந்தால் விகிதம் இன்னும் ஏறும்.

கடைக்காரர் தான் கட்டிய வரியை விற்பனை வரியில் கழித்துக்கொள்வார். உங்களால் முடியாது. நெல்லுக்கு ஜிஎஸ்டி இல்லை, விவசாயிக்குப் பதிவும் தேவையில்லை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மருந்திலும் உரத்திலும் கட்டிய வரி சாகுபடிச் செலவோடு ஒட்டிக்கொள்ளும். கொள்முதல் விலையை அரசு நிர்ணயிப்பதால் அதை நெல் விலையில் ஏற்றவும் வழியில்லை.

மத்திய அரசு நினைத்த மாத்திரத்தில் இதைச் செய்துவிடவும் முடியாது. வரி விகிதத்தை முடிவு செய்யும் ஜிஎஸ்டி மன்றத்தில் நான்கில் மூன்று பங்கு வாக்கு வேண்டும், மாநிலங்கள் கையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கிறது.

விகிதத்தை ஏற்ற முடியாமல் பணம் குறைந்தால் மானியத்தில்தான் கை வைப்பார்கள் என்பது எங்கள் கணிப்பு. அதே பட்ஜெட்டில் உர மானியம் சுமார் 1.68 லட்சம் கோடி. 45 கிலோ யூரியா மூட்டை 266.50 ரூபாய்க்குக் கிடைப்பது அதனால்தான். மருந்து விலையில் நூறு, இருநூறு கூடுவதைவிட, மேலுரம் போடும் நேரத்தில் மூட்டை விலை ஏறினால் ஆறு ஏக்கருக்கு அதுதான் பெரிய அடி.