ஐப்பசியில் காலியான தேன்பெட்டி

கேள்வி: திருவையாறு பக்கம் எங்கள் ஊர். கொல்லையில் பத்துத் தென்னை, கொஞ்சம் வாழை, ஒரு முருங்கை இருக்கின்றன. சுற்றிலும் வயல். போன மாசியில் இரண்டு தேன்பெட்டி வாங்கி வைத்தேன். சித்திரையில் ஒரு தடவை, வைகாசிக் கடைசியில் ஒரு தடவை எடுத்ததில் மொத்தம் ஆறு கிலோ தேன் கிடைத்தது. அப்புறம் வயல் வேலையில் பெட்டியைக் கவனிக்க முடியவில்லை. ஐப்பசியில் மழை விட்ட ஒரு நாள் திறந்து பார்த்தால் ஒரு பெட்டியில் ஒரு ஈ கூட இல்லை. இன்னொன்றில் பாதிக்கூட்டம்தான் இருக்கிறது. ஓரத்து அடையில் நூலாம்படை மாதிரி படிந்திருக்கிறது. கொசுவுக்காகப் பக்கத்தில் சாம்பிராணி போட்டோம், அதனால் போய்விட்டதா? பெட்டி சரியில்லையா? அம்மா திருஷ்டி என்கிறார். புதிதாக ஈ வாங்கி விடலாமா?

பதில்: சாம்பிராணியும் காரணம் இல்லை, திருஷ்டியும் காரணம் இல்லை. பட்டினி. அம்மாவிடம் இதை எப்படிச் சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

எதை வைத்துச் சொல்கிறேன் என்றால், நீங்கள் அனுப்பிய காலிப் பெட்டியின் படத்தை வைத்துத்தான். அடை துடைத்துவிட்டது போல இருக்கிறது. ஒரு சொட்டுத் தேன் இல்லை, மூடிய புழு அறை ஒன்றும் இல்லை, அடிப்பலகையில் செத்த ஈயும் இல்லை. பூச்சிமருந்தில் செத்திருந்தால் வாசலிலும் அடிப்பலகையிலும் கைப்பிடி கைப்பிடியாகக் கிடக்கும். பல ஈக்கள் நாக்கை நீட்டிக்கொண்டே செத்திருக்கும். 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியப் பெட்டிகளை வாரிக்கொண்டு போன தாய்லாந்து பைப்புழு நோயாக இருந்தால், மூடாத அறைகளில் புழு தலையை மேலே தூக்கியபடி, தண்ணீர் நிறைந்த சிறு பை போலச் செத்துக் கிடக்கும். கூட்டம் பிரிந்து போயிருந்தால் கொஞ்சம் ஈயாவது மிஞ்சும், அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போல ராணி அறை தொங்கும். உங்கள் பெட்டியில் இந்த மூன்றும் இல்லை. ஈக்கள் அவசரப்பட்டு ஓடவில்லை. ராணி முட்டையிடுவதை நிறுத்தியிருக்கிறது. இருந்த புழுவெல்லாம் ஈயாகி வெளியே வரும்வரை காத்திருந்து, மிச்சத் தேனை வயிற்றில் நிரப்பிக்கொண்டு, வெயில் வந்த ஒரு முற்பகலில் மொத்தமாகக் கிளம்பியிருக்கின்றன. நம் அடுக்குத் தேனீயின் சுபாவமே அது. இத்தாலியத் தேனீ இவ்வளவு சுலபத்தில் வீட்டை விடாது, ஆனால் அதற்குத் தீனி போட நம் கொல்லை போதாது.

தப்பு நடந்தது ஐப்பசியில் இல்லை, வைகாசியில். இந்தத் தொழிலை நம்மில் பெரும்பாலோர் தேன் வளர்ப்புக்குப் பேர்போன குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்துக்காரர்களைப் பார்த்தோ, அவர்களிடம் படித்தவர்களைப் பார்த்தோதான் கற்றுக்கொள்கிறோம். நல்ல வாத்தியார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் ஊரில் ரப்பர் இருக்கிறது. இலை துளிர்க்கும்போது காம்பு நுனியில் தேன் சுரக்கும், பூவுக்குக் காத்திருக்க வேண்டாம். டெல்டாவின் கணக்கே வேறு. இங்கே தையில் முருங்கை தொடங்கும், மாசியில் தாளடி அறுத்த தரையில் உளுந்தும் பயறும் பூக்கும், பங்குனி சித்திரையில் எள், புங்கை, வேம்பு, இலுப்பை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அந்த நாலு மாதம்தான் ஈக்குக் கல்யாண வீடு. அதன்பிறகு மேட்டூர் தண்ணீர் வந்து குறுவை, சம்பா என்று கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சையாகக் கிடக்கும். பார்க்கிற நமக்குச் செழிப்பாகத் தெரிகிறது. ஈக்கு அது பாலைவனம். நெற்பூவில் மகரந்தம் உண்டு, தேன் கிடையாது. தென்னையும் வாழையும் இருப்பதால்தான் ஏதோ உயிர் ஓடுகிறது. கஜா புயல் அடித்த 2018 நவம்பருக்குப் பிறகு தென்னை சாய்ந்த ஊர்களில் பெட்டி வைத்திருந்தவர்களைக் கேட்டால் பத்துத் தென்னையின் அருமை என்ன என்று சொல்வார்கள்.

இதன்மேல் அடைமழையும் சேர்ந்தால்? தொடர்ந்து நாலு நாள் வெளியே பறக்க முடியாத கூட்டம், சேமிப்பைத்தான் தின்ன வேண்டும். அந்தச் சேமிப்பை நீங்கள் வைகாசிக் கடைசியில் பாட்டிலில் ஊற்றிவிட்டீர்கள். என் முதல் பெட்டியையும் இப்படித்தான் தொலைத்தேன், அதனால் உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இப்போது நான் சித்திரையோடு நிறுத்திக்கொள்கிறேன். பெட்டியின் மேல் அடுக்கான தேன் அறையில் வைகாசியில் சேர்வது ஈக்களுக்கே. கீழ் அடுக்கான, புழு வளரும் அடியறையின் தேனை எந்த மாதமும் தொடுவதில்லை. பெட்டிக்கு ஆண்டுக்கு இரண்டு கிலோ கிடைத்தால் போதும் என்று இருப்பவனுக்கு மறுவருடமும் ஈ இருக்கும்.

இனி, மிச்சம் இருக்கும் பெட்டிக்கு வருவோம். அவசரம் அதற்குத்தான்.

மழை விட்ட நாளில் பதினொரு மணி வாக்கில் திறவுங்கள். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். அடை கட்டியிருக்கும் மரச்சட்டங்களில் நடுச் சட்டத்தை எடுத்து, அடையின் அறைகளின் அடிவரை வெளிச்சம் விழும்படி லேசாகச் சாய்த்துப் பாருங்கள். அறைக்கு ஒன்றாக, ரவையை நீட்டி நிறுத்தியது போல வெள்ளையாக முட்டை தெரிந்தால் ராணி இருக்கிறது. ராணியைத் தேடி அலைய வேண்டாம், முட்டையே சாட்சி. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை தாறுமாறாகக் கிடந்து, மூடிய அறைகள் எல்லாம் புடைத்து, மூடி நடுவில் ஊசி குத்தியது போல ஓட்டை இருந்தால் அவை ஆண் ஈ அறைகள். ராணி இல்லாமல் வேலைக்கார ஈக்களே முட்டையிடுகின்றன என்று பொருள். அந்தக் கூட்டத்தை இந்த மழையில் தனியாகக் காப்பாற்றுவது கஷ்டம். பக்கத்தில் பெட்டி வைத்திருப்பவர் யாராவது இருந்தால் அவரிடம் சேர்த்துவிடச் சொல்லுங்கள்.

ராணி இருந்தால் வீட்டைச் சுருக்குங்கள். நீங்கள் வைத்திருக்கும் நியூட்டன் வகைத் தேன்பெட்டியின் அடியறையில் ஏழு சட்டம். உங்கள் ஈக்கள் இப்போது மூன்று சட்டத்தை மூடினாலே அதிகம். ஈ மூடாத அடையைக் காவல் காக்க ஆள் இல்லை, மெழுகுப்பூச்சி அங்கேதான் குடியேறும். நீங்கள் பார்த்த நூலாம்படை அதன் புழு கட்டியது. பலரும் பூச்சி வந்ததால் ஈ போயிற்று என்று நினைக்கிறார்கள். ஈ குறைந்த பிறகுதான் பூச்சி வருகிறது. நூல் கட்டிய அடைகளை அறுத்தெடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிடுங்கள், மெழுகாவது மிஞ்சும். காலியான இடத்தை ஒரு தடுப்புப் பலகை வைத்து அடைத்து, மேல் அறையில் அடை இருந்தால் அதையும் எடுத்து, அடிப்பலகையைச் சுரண்டித் துடையுங்கள். அடியில் மரத்தூள் மாதிரி கொட்டிக் கிடந்தால் பயப்படாதீர்கள், பழைய அடையை ஈக்களே கடித்துப் போடுவது உண்டு. அதில் நூலோ கருப்பு எச்சமோ கலந்திருந்தால்தான் பூச்சி.

அப்புறம் தீனி. ஒரு பங்கு வெள்ளைச் சீனி, ஒரு பங்கு வெந்நீர், கரைத்து ஆறவிடுங்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எதுவும் கூடாது. நமக்கு நல்லது ஈக்கு வயிற்றுப்போக்கு. கடைத் தேனும் வேண்டாம், எந்தக் கூட்டின் நோய் அதில் இருக்கிறதோ தெரியாது. கொட்டாங்கச்சி ஒன்றைக் கழுவி மேல் அறைக்குள் சட்டங்களின் மேல் வைத்து, ஒரு டம்ளர் அளவு ஊற்றி, ஏழெட்டு ஈர்க்குத் துண்டுகளை மிதக்க விடுங்கள். அவற்றின்மேல் நின்று குடிக்கும், இல்லாவிட்டால் முழுகிச் சாகும். பொழுது சாய்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். பகலில் ஊற்றினால் வாசனைக்கு அக்கம்பக்கத்துக் கூட்டமெல்லாம் கொள்ளையடிக்க வந்துவிடும், நலிந்த கூட்டம் அந்தச் சண்டையிலேயே முடிந்துபோகும். காலையில் கச்சி காய்ந்திருந்தால் மூன்று நாளுக்கு ஒருமுறை கொடுங்கள். மிச்சம் இருந்தால் கொட்டிவிட்டுக் குறைத்துக் கொடுங்கள், புளித்ததைக் குடிக்க விடாதீர்கள். வாரம் ஒருமுறை பெட்டியின் பின்பக்கத்தை ஒரு விரல் அளவு தூக்கிப் பாருங்கள். நாலைந்து வாரத்தில் கனம் ஏறுவதை உங்கள் கையே சொல்லிவிடும், அடிக்கடி திறந்து குளிரடிக்க விட வேண்டியதில்லை. தையில் முருங்கை பூத்ததும் சீனியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் சித்திரையில் சீனிப்பாகைத்தான் தேன் என்று வடித்துக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொரு சங்கதி. படத்தில் பெட்டியின் வாசல் நேர் கிழக்கே பார்த்திருக்கிறது. கிழக்கு என்றுதான் எல்லாரும் சொல்லித்தருகிறார்கள், மற்ற மாதங்களுக்கு அது சரி. நமக்கு மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும். தென்கிழக்காகத் திருப்பி, வாசலுக்கு மேலே ஒரு சாண் தகரமோ பாளையோ நீட்டிவிடுங்கள். ஒரே நாளில் திருப்பினால் மேயப்போன ஈ வாசல் தெரியாமல் தவிக்கும், தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். தாங்கியின் கால்களுக்குக் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்திருப்பது நல்லது. ஆனால் ஒரு தென்னங்கீற்று பெட்டி மூடியில் உரசுகிறதே, கவனித்தீர்களா? எறும்புக்கு அதுவே பாலம். வெட்டிவிடுங்கள்.

பக்கத்து வயல்காரரிடமும் இப்போதே பேசி வையுங்கள். சம்பா பூக்கும்போது காலை ஒன்பது மணிக்கு மேல் ஈ மகரந்தத்துக்கு நெல்லில் இறங்கும். அந்த நேரத்தில் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சிமருந்தைத் தெளித்தால் சீனி ஊற்றியதெல்லாம் வீண். மருந்தடித்தே ஆக வேண்டும் என்றால் சாயங்காலம் அடிக்கச் சொல்லுங்கள், முந்தின நாளே உங்களிடம் ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். அன்றிரவு வாசலைக் கம்பிவலையால் மூடி, மறுநாள் மதியம்வரை நிழலில் வைத்திருந்து திறக்கலாம். சித்திரையில் ஒரு பாட்டில் தேன் தருவதாகச் சொன்னால் மறக்காமல் சொல்லிவிடுவார்.

புது ஈ இப்போது வாங்காதீர்கள். இந்த மாதத்தில் விற்கிறவர் எவரும் நல்ல கூட்டத்தை விற்க மாட்டார். காலிப் பெட்டியைக் கழுவி வெயிலில் காயவைத்து, உள்பக்கம் பழைய மெழுகை லேசாகத் தேய்த்து வையுங்கள். சென்ட், மண்ணெண்ணெய், பெயின்ட் எதுவும் உள்ளே படக்கூடாது. தை பிறந்ததும் ஆளுயரத்துக்கு மேல் வேப்பமரக் கவையில் நிழலாகக் கட்டுங்கள். அது கூட்டம் பிரியும் பருவம், இடம் தேடி வரும் ஈ தானாகவே நுழைவது உண்டு. முதலில் பத்துப் பதினைந்து ஈ வந்து பெட்டியைச் சுற்றிச் சுற்றி மோந்து பார்க்கும். அன்றைக்குப் பக்கத்தில் போகாதீர்கள். மாசிக் கடைசிவரை வராவிட்டால் வாங்கிக்கொள்ளலாம். நீடாமங்கலம், சிக்கல் வேளாண் அறிவியல் நிலையங்களில் கேட்டால் நம் பக்கத்திலேயே யாரிடம் கிடைக்கும் என்று விசாரிக்க முடியும். தூரத்து மலைச்சீமையிலிருந்து வரும் கூட்டத்தைவிட இங்கேயே ஒரு ஐப்பசியைக் கடந்த கூட்டம் எனக்குப் பெரிது.

நடுச் சட்டத்தில் முட்டை இருந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.